இலவசமா, முதலீடா?

கேள்வி: வரி கட்டுபவர் ஒருவர், பலன் அனுபவிப்பவர் இன்னொருவர். இது நியாயமா?
– வாசகர், திருச்சி

பதில்: வருமான வரி கட்டுபவர் மட்டுமே வரி கட்டுகிறார் என்பது பலரின் நினைப்பு. பத்து ரூபாய் சோப்பு வாங்கும் கூலித் தொழிலாளியின் பில்லிலும் ஜிஎஸ்டி இருக்கிறது.

பலன் யாருக்கு என்பதற்குப் பள்ளி மதிய உணவையே எடுத்துக்கொள்ளலாம். 1956-இல் காமராஜர் ஆட்சியில் அது விரிவாகத் தொடங்கியபோதும், 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக்கியபோதும் ‘கஜானா தாங்குமா?’ என்ற கேள்வி எழுந்தது. 1989-இல் கருணாநிதி ஆட்சி தட்டில் முட்டையைச் சேர்த்தது. 2001-இல் உச்ச நீதிமன்றம், நாடெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தர உத்தரவிட்டது. 2022-இல் தமிழகத்தில் காலை உணவும் வந்தது.

அதற்காக எல்லா இலவசமும் ஒன்றாகிவிடாது. தேர்தல் அறிக்கையில் டி.வி., மிக்ஸி அறிவிப்பது லஞ்சமாகாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடவே, தேர்தல் கமிஷன் நெறிமுறை வகுக்கவும் சொன்னது.

மிக்ஸி ஒரு வீட்டுக்குள் முடிந்துவிடும். முட்டையோ பிள்ளையைப் பள்ளிக்கு வரவைக்கிறது. படித்து வேலைக்குப் போகும் அந்தப் பிள்ளை நாளை வரியும் கட்டும். கஜானாவுக்குக் கணக்குப் பார்ப்பவர்கள் இந்த வரவையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.