தொட்டித் துளையும் ஊர் ஓடையும்

செடி வளர்த்தலைப் பொழுதுபோக்கென எளிதாக எண்ணிவிடுகிறோம். சங்கமித்தை ஈழத்திற்குக் கொணர்ந்த போதிக்கிளை பொற்கலத்தில் வேரூன்றிக் கடல் கடந்ததென மகாவம்சம் கூறுகின்றது. புத்தகயையிலோ, பழைய மரம் 1876-இல் புயலிற் சாய்ந்தபின், 1881-இல் கன்னிங்காம் அவ்விடத்தே ஒரு கன்றை நட்டார். முன்னது தொட்டிச் செடி. பின்னது பழந்தலத்தைப் புதுப்பித்தல். இரண்டிற்கும் பொதுவான பாடமொன்றைத் திருவனந்தபுரத்துத் தம்பானூரிற் கற்கலாம்.

தம்பானூர் தாழ்ந்த நிலம். அணித்தேயுள்ள மைதானத்தின் பெயர் புத்தரிக்கண்டம். புத்தர் பெயரென்று மயங்கற்க! புத்தரி என்பது புதிய அரிசி. கண்டம் என்பது வயல். பத்மநாபசுவாமி கோயிலின் புத்தரிசிச் சடங்கிற்குக் கதிர் தந்த வயல் அது. 1931-இல் இருப்புப்பாதை தம்பானூர் வரை நீண்டது. வயலிருந்த பக்கம் நகரமாயிற்று. ஆயினும் நீர் தன் வழியை மறக்கவில்லை. ஆமையிழஞ்சான் தோடு (மலையாளத்தில் தோடெனின் ஓடை, காதணியன்று) இன்றும் நிலையத்தின் அடியிலேயே செல்கின்றது. பெருமழையில் தெருவெல்லாம் வெள்ளம். 2015-இல் 'ஆபரேஷன் அனந்தா' என்னும் திட்டத்தின்கீழ் ஓடைகளின் ஆக்கிரமிப்பும் சேறும் அகற்றப்படலாயின. ஆயினும் குப்பை மீண்டும் சேர்ந்தது. 2024 சூலையில், நிலையத்தடியிலுள்ள பகுதியைத் துப்புரவு செய்ய இறங்கிய தொழிலாளி ஒருவரை வெள்ளம் இழுத்துச் சென்றது. மூன்றாம் நாளே உடல் கிடைத்தது. அவர் அள்ள இறங்கியது நம் போன்றோர் எறிந்த குப்பை.

ஆதலின், பழைய நிலத்தைப் புதுப்பிக்க விழைவோர் முதலில் எந்த மரம் அழகென்று வினவற்க. மழைநீர் எங்கிருந்து வந்து எங்கே சென்றது என்று வினவுக. ஊர்ப்பெயர்களும் முதியோர் நினைவும் இதற்குச் சான்றாகும். வழி தெளிந்தபின், கரையில் மண்ணை இறுகப் பற்றும் வெட்டிவேரும் தாழையும் நடலாம். வழியை அடைத்துவிட்டுப் பூஞ்செடி நடுதல் வீண் வேலையே.

வீட்டுத் தொட்டியிலும் இதே நிலைதான். செடி பெரும்பாலும் நீரின்மையால் அன்று, நீர் மிகுதியால் மடிகின்றது. மண்ணிடை நீர் தேங்கின் காற்று புகாது. வேர் மூச்சின்றி அழுகும். வாடிய இலையைக் கண்டு மேலும் நீர் வார்ப்பது நாம் வழக்கமாகச் செய்யும் பிழை. தொட்டியடியில் துளை வேண்டும். மண் ஒழுகாதவாறு அதன்மேல் ஓட்டுச்சில்லொன்றைக் கவிழ்த்து வைக்க வேண்டும். மண், மட்கிய எரு, மணல் மூன்றும் சம அளவாகக் கலக்கலாம். கற்றாழைக்கு மணல் சற்று மிகலாம். விரலை மண்ணில் ஓரங்குலம் செருகிப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டுமே நீர் விடுக. கீழ்த்தட்டில் தேங்கும் நீரை அவ்வப்போது கொட்டுக. டெங்கு பரப்பும் கொசு அங்கேதான் முட்டையிடும்.

கன்று வாங்கிய கறுப்புப் பிளாஸ்டிக் பையைத் தெருவில் எறியாமல் கழுவி வைத்தால், அடுத்த விதைக்கு அதுவே தொட்டியாகும்.