திசைவியின் வாயில்களும் பெயரிடும் நெறியும்

முன்னுரை

பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என நம் இலக்கண நூலார் இருவகைப்படுத்தினர். மண், மரம் என்பன காரணம் புலப்படாது வழங்கும் இடுகுறிப்பெயர்கள். பறவை, வளையல் என்பன காரணம் பற்றி வந்தவை. இப்பாகுபாடு தேர்வுக்கு மட்டும் உரியதன்று. கணிப்பொறித் துறையிலும் இதே வினா எழுந்துள்ளது என்பதை, ரூட்டர் எனப்படும் திசைவியைக் கொண்டு ஈண்டுக் காண்போம்.

பெயரின் இன்றியமையாமை

ஒரு வலையமைப்பிலிருந்து வரும் தகவல் பொதிகளை, வழியறிந்து மற்றொரு வலையமைப்புக்குச் செலுத்தும் கருவியே திசைவி. தகவல் புகுந்து வெளியேறும் அதன் வாயில்களை இடைமுகம் என்பர். ஒரு வாயில் அலுவலகத்தின் அகத்தை நோக்கும். மற்றொன்று புறத்தேயுள்ள இணையத்தை நோக்கும். எவ்வாயிலில் எதனை ஏற்பது, எதனைத் தடுப்பது என்னும் காவல் விதிகள் பெரும்பாலும் வாயிலின் பெயரைச் சுட்டியே எழுதப்பெறுகின்றன. இரு வாயில்களின் பெயர்கள் தம்முள் மாறிவிடின், அகத்தார்க்குரிய உரிமை புறத்தார்க்குச் சென்றுவிடும். ஆதலின் பெயரிடுதல் பாதுகாப்பைச் சார்ந்த செயலாகும்.

வரிசை பற்றிய பெயர்

லினக்ஸ் இயங்குதளம் தான் கண்டறியும் வரிசைப்படி வாயில்களுக்கு ஈத்0, ஈத்1 எனப் பெயரிட்டு வந்தது. 'ஈத்' என்பது ஈதர்நெட் என்னும் வகையைக் குறிக்கும். எண்ணோ, எது முந்திக் கண்டறியப்பட்டது என்பதை மட்டுமே காட்டும். ஏறத்தாழ இடுகுறி போன்றது. பல அட்டைகள் பொருத்திய கருவியை மீண்டும் இயக்குங்கால் அவ்வரிசை மாறக்கூடும். நேற்றைய ஈத்0 இன்று ஈத்1 ஆகலாம்.

இடம் பற்றிய பெயர்

இக்குறை நீங்க, 2013 ஆம் ஆண்டில் 'சிஸ்டம்டி' என்னும் மென்பொருள் இடத்தைக் காரணமாகக் கொண்ட பெயர்முறையைப் புகுத்தியது. 'இஎன்பி3எஸ்0' என்னும் பெயரைப் பிரித்து நோக்குவோம். 'இஎன்' ஈதர்நெட்டையும், 'பி3' மூன்றாம் எண்ணுள்ள தடத்தையும், 'எஸ்0' அத்தடத்தில் சுழி எண்ணுள்ள இடத்தையும் குறிக்கும். பழுதுற்ற அட்டையை அகற்றி, அதே இடத்தில் அத்தகைய வேறோர் அட்டையைப் பொருத்தினும் பெயர் மாறாது. எனினும் புதிய அட்டைகளைச் சேர்க்குங்கால் தடத்தின் எண்ணே மாறுதலும் உண்டு.

வேகம் பற்றிய பெயர்

ஜூனிப்பர் நிறுவனக் கருவிகளில் 'ஜிஇ-1/0/3' என்பது ஒரு கிகாபிட் வேக வாயில். 'எக்ஸ்இ' எனத் தொடங்குவது பத்துக் கிகாபிட் வாயில். பின்வரும் மூன்று எண்களும் அட்டை, உள்ளட்டை, துளை என இடத்தை உணர்த்தும். இதன் நன்மை, பார்த்த அளவிலேயே திறன் விளங்குதல். ஆயின் சில கருவிகளில் துளையில் செருகும் இணைப்பியை மாற்றினால் 'ஜிஇ' என்பது 'எக்ஸ்இ' ஆகிவிடும்; பழைய பெயருக்கு எழுதிய விதி புதிய பெயரைச் சாராது. சிஸ்கோவின் நெக்சஸ் கருவிகளோ, வேகம் எதுவாயினும் 'ஈதர்நெட் 1/1' என்றே வழங்குகின்றன.

தொழில் பற்றிய பெயர்

'ஓப்பன்டபிள்யூஆர்டி' நிறுவிய பல சிறு திசைவிகளில் அகவாயில்கள் லேன்1, லேன்2 எனவும், புறவாயில் வேன் எனவும் பெயர் பெறும். பணி விளங்குவதால் ஆள்வோர் மயங்கார். ஆனால் வாயிலின் பணியை மாற்றிய பின்னும் பழைய பெயரே நிற்பின், அப்பெயர் பொய்யுரைக்கும்.

முடிவுரை

காரணப்பெயர் எனினும், அக்காரணம் நிலைத்து நிற்கும் அளவே பெயரும் மெய்யாகும் என்பது இவற்றால் பெறப்படும். வரிசை, வேகம், பணி ஆகியவற்றை நோக்க, இடமே எளிதில் மாறாதது. ஆகவே பெயரை இடம் பற்றி அமைத்து, பணியை விளக்கக் குறிப்பில் எழுதுதலே தக்க நெறி என்போம். சிஸ்கோ, ஜூனிப்பர் கருவிகளில் அத்தகைய குறிப்புக்கு இடமுண்டு. கருவியின் உறுப்பை மாற்றியபின், விதிகள் உரிய வாயிலையே சுட்டுகின்றனவா எனச் சரிபார்த்தலும் வேண்டும். பெயரும் பொருளும் பொருந்தி நிற்றல் வேண்டும் என இலக்கணம் கற்ற மாணவர்க்கு இது புதிய பாடமன்று.