மண்சடக்கில் வேன் ஓட்டுவோர் கவனத்திற்கு

ஜொகூர் மாநிலம், குளுவாங் மாவட்டத்தில் இரயில் பாதையை ஒட்டி அமைந்துள்ள சிற்றூர் பாலோ. அதன் சுற்றுவட்டாரத்தில் இரப்பர்த் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் உள்ளன. தார்ச்சாலை பெரும்பாலும் தோட்ட வாயிலோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் செம்மண் சடக்குதான். பள்ளிப் பிள்ளைகளும், வேலைக்குச் செல்வோரும், நள்ளிரவில் மருத்துவமனைக்கு விரையும் நோயாளியும் அச்சடக்கு வழியாகவே சென்று வர வேண்டியுள்ளது. எனவே, வேன் ஓட்டுபவர் தம் ஓர் உயிருக்கு மட்டும் பொறுப்பாளர் அல்லர்.

தோட்டச் சடக்குகள் நமது இலாகாவுக்குப் புதியனவல்ல. அவசரகாலம் நிலவிய 1950ஆம் ஆண்டுகளிலேயே படக்காட்சிக் கருவிகளையும் ஒலிபெருக்கியையும் ஏற்றிக்கொண்டு தகவல் வண்டிகள் தோட்டந்தோறும் சென்று வந்தன. அச்சடக்குகளில் வண்டி ஓட்டியோர் கைக்கொண்ட முறைகள் இன்றைக்கும் பொருந்தும். அவற்றுள் முக்கியமானவற்றை இங்கே காண்போம்.

புறப்படுமுன்

சாதாரண வேன், நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி அன்று. அதன் அடிப்பாகம் தாழ்ந்தது, உடலோ உயர்ந்தது. ஆகவே அது சேற்றில் எளிதில் அமரும். சரிவில் எளிதில் சாயும். கூரைமேல் பாரம் ஏற்றினால் சாயும் அபாயம் மேலும் கூடும். கனமான பொருள்களைத் தரையில், இரு அச்சுகளுக்கும் இடையே வைத்துக் கட்டுதல் வேண்டும். டயர்களின் காற்று, ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டப்பட்டுள்ள அளவின்படி இருத்தல் வேண்டும். மண்வெட்டி, இரண்டு பலகைகள், கயிறு, கைவிளக்கு ஆகியவை வண்டியில் எப்போதும் இருப்பது நன்று.

சடக்கில்

வேகத்தைக் குறைத்துச் சீராகச் செல்க. லாரிகள் பதித்த ஆழமான தடங்களுக்குள் சக்கரங்களை இறக்கினால் வண்டியின் வயிறு நடுமேட்டில் தட்டும். இயன்றவரை மேட்டின்மேல் ஒரு சக்கரமும் தடத்திற்கு வெளியே மறு சக்கரமும் செல்லுமாறு ஓட்டுக. ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது கட்டைவிரல்களை வளையத்திற்குள் மடக்குதல் கூடாது. சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டியரிங் திடீரெனச் சுழன்று விரலை முறிக்கக்கூடும்.

இறக்கத்தில் எண்ணெயை மிச்சப்படுத்த எண்ணிக் கியரை விடுவித்து வண்டியை உருளவிடுவோர் உண்டு. இது பெருந்தவறு. இறங்கத் தொடங்குமுன்பே கீழ்க் கியருக்கு மாற்றிக்கொண்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கையே நம்பி மிதித்துக்கொண்டிருந்தால் அது சூடேறி வலுவிழக்கும். ஈரமான களிமண்ணில் பிரேக்கைத் திடீரென அழுத்தினால் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் வழுக்கும்.

சக்கரம் சேற்றில் சுழலத் தொடங்கினால் எண்ணெயை அழுத்தாதீர்கள். அழுத்த அழுத்தக் குழி ஆழமாகும். வண்டியை நிறுத்தி, பயணிகளை இறக்கி, சேற்றை வெட்டி அகற்றிப் பலகையோ சரளையோ இடுக. செம்பனை மட்டையை அப்படியே இடுவது நல்லதன்று. அதன் முட்கள் டயரைக் குத்தும். வண்டியைத் தள்ளுவோர் சக்கரத்தின் நேர் பின்னால் நிற்கலாகாது. இழுவைக் கயிறு அறுந்தால் சவுக்குப் போல் வீசும். எனவே பிறர் எட்டி நிற்க வேண்டும்.

வெள்ளத்தில்

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழைக் காலமாகும். 2006 டிசம்பர் தொடங்கி 2007 ஜனவரி வரையிலும், பின்னர் 2011 ஜனவரி இறுதியிலும், 2023 மார்ச் மாதத்திலும் ஜொகூர் மக்கள் பெருவெள்ளத்தைக் கண்டனர்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நம் பழமொழி. வேனுக்கும் அது பொருந்தும். ஒரு கன மீட்டர் நீரின் எடை 1000 கிலோ. 4 மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உள்ள அடித்தட்டு நீரில் 10 சென்டிமீட்டர் அமிழ்ந்தால், ஏறத்தாழ 600 கிலோ பாரத்தைத் தாங்கும் விசை வண்டியை மேலே தூக்கும். அப்போது சக்கரங்கள் தரையைப் பற்றும் பிடி தளரும். ஓடும் நீர் வண்டியைத் தள்ளிச் செல்லும். 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள ஓட்டநீர் சிறிய காரை அடித்துச் செல்ல வல்லது. 60 சென்டிமீட்டர் நீருக்கு வேனும் தப்பாது. ஓடும் நீர் சடக்கைக் கடந்தால், திரும்பிச் செல்வதே அறிவுடைமை.

நீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் முடுக்காதீர்கள். காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த இயலாது. எஞ்சினுக்குள் நீர் புகுந்திருப்பின் உள்ளிருக்கும் தண்டுகள் வளைந்து எஞ்சினே பாழாகும். அனைவரையும் பாதுகாப்பாக வெளியேற்றுவதே முதற்கடமை.

திரும்பிய பின்

ஒரு மழைக்காலத்தில் நாம் பாலோ வட்டாரத் தோட்டமொன்றில் கூட்டம் முடித்து, சேற்றுச் சடக்கு வழியே இரவில் திரும்பினோம். வண்டியில் யாதொரு குறையும் தெரியவில்லை. விடிந்ததும் ஓட்டுநர் அண்ணன் சேற்றைக் கழுவிவிட்டு வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். "ஐயா, கொஞ்சம் இங்கே பாருங்கள்" என்று அழைத்தார். முன்சக்கரத்தின் பிரேக் குழாயை ஒரு குச்சி உரசிக் கிழித்திருந்தது. பிரேக் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. அன்று காலையில் நாங்கள் அறுவர் குளுவாங் நெடுஞ்சாலையில் செல்வதாக இருந்தோம். அவர் குனிந்து பாராதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, சடக்கிலிருந்து மீண்டதும் கீழ்க்கண்டவற்றைச் சோதித்தல் வேண்டும்:

1. நீரைக் கடந்தவுடன், மெதுவாகச் செல்லும்போதே பிரேக்கை இலேசாகப் பலமுறை அழுத்தி உலர்த்துக. பிடிக்கிறதென உறுதியான பின்னரே வேகம் கூட்டுக.

2. வண்டியின் அடியைக் கழுவுக. சக்கரத்தில் ஒட்டிய சேறு காய்ந்தால் வண்டி அதிரும்.

3. டயரின் இரு பக்கங்களிலும் வெட்டு, முள், வீக்கம் உள்ளனவா எனத் தடவிப் பார்த்து, சக்கர மரைகளை இறுக்குக.

4. பிரேக் குழாய்களைப் பார்வையிடுக. வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை உண்டா எனக் காண்க.

5. ரேடியேட்டரை அடைத்த சேற்றையும் புல்லையும் நீக்குக. புகைக்குழாயில் சிக்கிய காய்ந்த லாலாங் புல் தீப்பற்றக்கூடும். எஞ்சின் ஆறிய பின் அதனை எடுத்துவிடுக.

6. ஆழ்ந்த நீரில் சென்றிருப்பின் அச்சு எண்ணெயைப் பார்க்கச் செய்க. அது பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது என்பது பொருள். உடனே மாற்ற வேண்டும்.

7. விளக்குகளையும் எண் தட்டையும் துடைக்க மறவாதீர்கள்.

இவ்வளவும் செய்து முடிக்கக் கால் மணி அல்லது அரை மணி நேரமே ஆகும். நாளை காலை அதே வேனில் நம் பிள்ளைகள் ஏறுவர். அவர்கள் ஏறுமுன் ஒருமுறை குனிந்து பார்ப்போமாக.