விளக்கு எரிகிறது, வேகம் ஏன் இல்லை?

கம்பிவழி இணைக்கப்பட்ட கணினியில் தொடர்பு முற்றிலும் அறுந்துபோனால், குறையைக் கண்டுபிடிப்பது எளிது. கம்பி கழன்றிருக்கும், இணைப்பு விளக்கு அணைந்திருக்கும். ஆனால், விளக்கு எரிகிறது, சிறு செய்திகளும் உடனே சென்று சேர்கின்றன, பெரிய கோப்பு மட்டும் நத்தைபோல் நகர்கிறது என்றால் என்ன செய்வது? சிலர் புதிய கம்பி வாங்குவர். சிலர் கணினியையே மாற்றுவர். அப்போதும் குறை தீராமல் போகலாம். அதற்கு 'டூப்ளெக்ஸ்' பொருத்தமின்மை ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

டூப்ளெக்ஸ் என்பது இருவழித் தொடர்பு. வாக்கி-டாக்கியில் ஒருவர் பேசி முடித்த பிறகே மற்றவர் பேச முடியும். இஃது அரை இருவழி முறை. தொலைபேசியில் இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம், கேட்கலாம். இது முழு இருவழி முறை.

1973இல் அமெரிக்காவில் உருவான ஈதர்நெட், தொடக்கத்தில் அரை இருவழி முறையிலேயே இயங்கியது. பல கணினிகள் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொண்டன. ஒரு கணினி தரவை அனுப்பும்போது மற்றொன்றும் அனுப்பினால் 'மோதல்' ஏற்படும். இரண்டும் உடனே நிறுத்தி, சற்றே காத்திருந்து மீண்டும் அனுப்பும்.

இன்று, கணினியும் அது இணைந்துள்ள சுவிட்ச் கருவியும் தமக்குள் தகவல் பரிமாறி, ஒரே முறையைத் தேர்ந்தெடுக்கின்றன. ஒரு முனையை மட்டும் யாரேனும் முழு இருவழி முறைக்கு நிலையாக அமைத்துவிட்டால், இந்தப் பரிமாற்றம் பெரும்பாலும் நின்றுவிடும். மறுமுனை வேகத்தை மட்டும் கண்டறிந்து, அரை இருவழி முறைக்கு மாறிவிடும். பிறகு ஒன்று நினைத்த நேரத்தில் அனுப்பும். மற்றொன்று அதை மோதல் எனக் கருதிப் பாதியில் நிறுத்தும். தரவு சிதையும். தரவின் அளவு கூடக் கூட, தாமதமும் கூடும்.

இதற்கான தடயம் சுவிட்ச் கருவியின் பிழைக் கணக்கில் இருக்கும். அரை இருவழி முனையில் 'தாமத மோதல்கள்' பெருகும். முழு இருவழி முனையில் சிதைந்த தரவுகள் பெருகும். இரு முனைகளும் முழு இருவழி முறையில் இருந்தும் தரவு சிதைந்தால், கம்பியையோ அதன் முனையையோ சோதிக்கலாம்.

தீர்வுக்குச் செலவில்லை. இரு முனைகளையும் தானியங்கி அமைப்பில் விடலாம். அல்லது இரண்டையும் ஒரே வேகத்திற்கும் ஒரே முறைக்கும் அமைக்கலாம். இரு கை தட்டினால்தானே ஓசை! இங்கே பழுதானது எந்தக் கருவியும் அன்று; அவற்றுக்கிடையிலான உடன்பாடுதான்.

சிந்தித்து விடையளி:
1. சிறு செய்திகள் தடையின்றிச் செல்லும்போது, பெரிய கோப்பு மட்டும் ஏன் தாமதமாகிறது?
2. புதிய கம்பி வாங்கும் முன் பிழைக் கணக்கைப் பார்ப்பது ஏன் நல்லது?