மண்ணும் மாண்பும்

நுழையும்முன்

உழுபவருக்கு நிலம் வருவாய் தரும் பொருள் மட்டுமன்று. தலைநிமிர்ந்து வாழ்வதற்கான பிடிப்பும் அதுவே. நிலம் மறுக்கப்பட்டோருக்கு நிலம் வழங்க ஓர் அரசாணை பிறந்தது. வழங்கப்பட்ட நிலம் எவ்வாறு கைநழுவியது? அதனை மீட்க மக்கள் ஏன் போராடினர்? செங்கல்பட்டு மண்ணில் நிகழ்ந்த இவ்வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஏரியும் மிராசும்

செங்கல்பட்டுச் சீமை ஏரிகளால் வாழ்ந்த பகுதி. பருவமழையைத் தேக்கி நெல் விளைவித்த இங்கு, நிலவுரிமை மிராசு முறையால் ஆளப்பட்டது. ஊரின் நிலம் பங்குகளாகப் பிரிக்கப்பட்டு, சில குடும்பத்தினருக்குப் பரம்பரையாக உரியதாயிற்று. அவர்களே மிராசுதார் எனப்பட்டனர். விளைநிலம் மட்டுமன்றித் தரிசின் மீதும் அவர்கள் உரிமை கொண்டாடினர். வேறொருவர் தரிசைப் பயிரிட விரும்பி அரசுக்கு விண்ணப்பித்தால், முதல் வாய்ப்பு மிராசுதாருக்கே அளிக்கப்பட்டது.

வயலில் இறங்கி உழைத்தோருள் பெரும்பாலோர், தீண்டாமையால் ஒதுக்கப்பட்டுச் சேரிகளில் வாழ்ந்த மக்கள். அவர்கள் படியாள்களாகவும் பண்ணையாள்களாகவும் இருந்தனர். குடிசை நின்ற மனையும் அவர்களுக்கு உரியதன்று. கூலி உயர்வு கேட்டாலோ வேறிடம் வேலைக்குச் சென்றாலோ மனையிலிருந்து வெளியேற்றப்படலாம் என்னும் அச்சம் தலைமுறைகளாகத் தொடர்ந்தது. 1843ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் நீதிமன்றங்கள் அடிமையுரிமையை ஏற்கவில்லை. எனினும், நிலமும் மனையும் இல்லாதவருக்கு அவ்விடுதலை ஏட்டளவிலேயே நின்றது.

ஆட்சியரின் அறிக்கை

1891ஆம் ஆண்டு செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரமென்கீர், இம்மக்களின் நிலைகுறித்து அரசுக்கு விரிவான அறிக்கை அளித்தார். கடனுக்காகத் தம் உழைப்பையே அடகுவைத்தோரின் நிலையை அவர் எடுத்துக்காட்டினார். வறுமைக்குச் சோம்பலோ அறியாமையோ காரணமன்று. நிலவுரிமை மறுக்கப்பட்டதே வேர் என்பது அவ்வறிக்கை உணர்த்திய உண்மை. குடியிருப்பு மனைக்குப் பாதுகாப்பு, பயிரிட நிலம், பிள்ளைகளுக்குக் கல்வி ஆகியவை தேவை என அவர் வலியுறுத்தினார்.

அதே காலத்தில் ஒடுக்கப்பட்டோரின் குரலும் பொதுவெளியில் ஓங்கி ஒலித்தது. அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசன் போன்றோர் கல்வி, நிலம், பொதுவுரிமை ஆகியவற்றை முன்வைத்து இயங்கினர்.

அரசாணையும் காப்பும்

1892ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் சென்னை மாகாண அரசு வெளியிட்ட ஆணை, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத் தரிசு நிலம் வழங்க வழிவகுத்தது. அரசுப் பதிவேடுகளில் ‘டி.சி. நிலம்’ என்றும் மக்கள் வழக்கில் ‘பஞ்சமி நிலம்’ என்றும் வழங்கப்படுவன இந்நிலங்களே. மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் இவ்வாறு வழங்கப்பட்டதாக நிலவுரிமை இயக்கத்தினர் குறிப்பிடுவர்.

ஏழையின் கையிலுள்ள நிலத்தை வலியவர் எளிதில் பறித்துவிடுவர் என்பதை உணர்ந்து நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. முதல் பத்து ஆண்டுகளுக்கு நிலத்தை விற்கவோ, அடகுவைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன்பின் விற்பதாயினும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்றல் வேண்டும். இந்நிபந்தனைகள் உரிமையைக் குறைப்பதற்காக ஏற்பட்டவையல்ல; அதனைக் காப்பதற்கு எழுப்பிய வேலிகளே.

கைமாறிய மண்

வேலி இருந்தும் பயிர் மேயப்பட்டது. தரிசைத் திருத்த ஏரும் மாடும் வேண்டும்; பாசனத்திற்குக் கிணறு வேண்டும்; விளைச்சல் கைசேரும்வரை உண்ண உணவு வேண்டும். இவை எவையும் இல்லாதோர் மழை பொய்த்த ஆண்டுகளில் கடன் வாங்கினர். சிறு கடனுக்கு ஈடாக நிலம் பிறர் அனுபவத்திற்குச் சென்றது. எழுத்தறியாதோர் கைநாட்டு வைத்த பத்திரங்கள் அவர்களுக்கு எதிராகவே பயன்பட்டன. பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டபோது பல இடங்களில் நிலத்தின் வகைப்பாடு விடுபட்டது. பின்னாளில் வாங்கியவருள் சிலர், அதன் பழைய வரலாற்றை அறியாமலே வாங்கினர்.

சென்னை மாநகரம் தெற்கே விரிந்தபோது சிக்கல் கூர்மையடைந்தது. மாமல்லபுரக் கடற்கரையை ஒட்டிய ஊர்களில் மனைப்பிரிவுகளும் விடுதிகளும் பெருகின. ஒருகாலத்தில் எவரும் விரும்பாத தரிசு, பெருவிலை பெறும் சொத்தாயிற்று. நிலத்தின் விலை உயர உயர, அதனை இழந்தோர் மீண்டும் பெறுவது அரிதாயிற்று.

காரணையில் எழுந்த குரல்

மாமல்லபுரத்தை அடுத்த காரணை என்னும் ஊரில், தம் முன்னோர்க்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் திரண்டனர். அந்நிலத்தில் அண்ணல் அம்பேத்கரின் சிலையை நிறுவினர், சிலை அகற்றப்பட்டது. இதனைத் தொடர்ந்து 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் நடைபெற்ற போராட்டத்தின்போது காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. இருவர் உயிரிழந்தனர். நூறாண்டுகளுக்கு முன் ஓர் அரசாணை தந்த உரிமையை நிலைநாட்டக் கேட்டோர் கொடுத்த விலை அது. அதன்பின் பஞ்சமி நில மீட்பு தமிழகம் முழுவதும் பேசப்படும் கோரிக்கையாயிற்று.

பிற நாடுகள் கற்பிப்பவை

நிலத்தைப் பிறப்பின் அடிப்படையில் பங்கிட்ட கொடுமை பிற நாடுகளிலும் நிகழ்ந்துள்ளது. சாதியும் நிறவெறியும் ஒன்றல்ல. எனினும், நிலத்தை மறுத்து மனிதரைப் பணியவைக்கும் முறையில் அவை ஒத்திருக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் 1913ஆம் ஆண்டு நிலச் சட்டம், பெரும்பான்மையினரான கறுப்பின மக்களுக்கு நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 7 விழுக்காட்டையே ஒதுக்கியது. அங்கு மக்களாட்சி மலர்ந்த 1994ஆம் ஆண்டிலேயே, பறிக்கப்பட்ட நிலத்தைச் சட்டவழியில் மீட்க நிலவுரிமை மீட்புச் சட்டம் இயற்றப்பட்டது. அப்பணி மெல்லவே நகர்ந்தது.

ஜிம்பாப்வே வேறு பாடம் தருகிறது. 1980இல் விடுதலை பெற்ற பின்னும் வளமான நிலங்கள் சிறுபான்மை வெள்ளையரிடமே பெரிதும் தங்கின. இருபது ஆண்டுக் காத்திருப்பிற்குப் பின், 2000ஆம் ஆண்டு முதல் அப்பண்ணைகள் வன்முறையோடு கைப்பற்றப்பட்டன. நிலமற்றோர் பலர் நிலம் பெற்றனர். ஆட்சிக்கு நெருக்கமானவர்களும் பெற்றனர். பண்ணைத் தொழிலாளர் பலர் வாழ்விழந்தனர். வேளாண் உற்பத்தி சரிந்தது. நீதி நெடுங்காலம் தாழ்த்தப்பட்டால் அது வரும்போது புதிய அநீதிகளையும் உடன் அழைத்துவரும் என்பதை இது காட்டுகிறது.

ஆவணமே அரண்

எனவே பஞ்சமி நிலச் சிக்கலுக்குத் தீர்வு, காலம் தாழ்த்தாத சட்டநெறியே. நிபந்தனையை மீறிய கைமாற்றங்களை ஆராய்ந்து நிலத்தை மீட்டல், பழைய பதிவேடுகளை அனைவரும் காணச் செய்தல், மீட்ட நிலத்தில் பயிரிடக் கடனும் நீரும் அளித்தல் ஆகிய மூன்றும் ஒன்றிணைய வேண்டும். நிலத்தை மட்டும் அளித்து, அதனைக் காக்கும் வலிமையை அளிக்காவிடில் முன்னைய இழப்பே மீண்டும் நிகழும்.

பட்டா என்பது வெறும் தாளன்று. அதனைப் படித்தறியும் கல்வியும், அதன்படி நடக்கும் ஆட்சியும், அதற்காகக் குரல்கொடுக்கும் ஒற்றுமையும் சேரும்போதே அது மண்ணாகிறது, மண் மாண்பாகிறது.

தெரிந்து தெளிவோம்

இரட்டைமலை சீனிவாசன் 1859ஆம் ஆண்டு, செங்கல்பட்டுப் பகுதியைச் சேர்ந்த கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்தவர். 1893இல் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். இலண்டனில் நடைபெற்ற வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் பங்கேற்று, ஒடுக்கப்பட்டோரின் உரிமைகளுக்காக வாதாடினார்.

கற்பவை கற்றபின்

1. பட்டா, சிட்டா, அடங்கல் ஆகிய ஆவணங்கள் உணர்த்தும் செய்திகளைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டறிந்து தொகுக்க.
2. பஞ்சமி நிலத்திற்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகள் உரிமையைக் காக்கும் வேலிகள் எனப்படுவது ஏன்? விளக்குக.
3. ‘நிலம் அளித்தல் மட்டுமே நீதியாகுமா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.