ஒரு பேரேடு, இரு வாசல்

வியாபாரிக்குக் கைமுதல் எவ்வளவு முக்கியமோ, கணக்கும் அவ்வளவு முக்கியம் என்பதை நம்மவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அன்றாட வரவு செலவைச் சிட்டையில் குறித்து, பின்னர் பேரேட்டில் பெயர்வாரியாகப் பதியும் வழக்கம் நமக்கு மிகப் பழையது. சிராங்கூன் சாலையிலும் சையது அல்வி சாலையிலும் ஃபேரர் பார்க் வட்டாரத்திலும் கடை வைத்திருக்கும் அன்பர்களில் பலர் இன்று அந்தப் பேரேட்டைக் கணினிக்குள் வைத்துவிட்டார்கள். வீட்டுச் செலவு, ஊருக்கு அனுப்பிய தொகை, கொடுத்த கைமாற்று, வாங்கி வைத்த அமானிதம், ஜக்காத்துக்குக் கணக்கிட வேண்டிய இருப்பு ஆகிய யாவும் அதற்குள்தான் இருக்கின்றன. ஆகவே, அதைப் பத்திரமாக வைப்பது பற்றி இந்தப் பாடத்தில் ஆராய்வோம்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கு அளித்து வந்த பொது ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. புதுக் கணினி வாங்காமல் சமாளிக்க நினைப்போர், விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு, அதே கணினியில் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தையும் நிறுவிக்கொள்ளலாம். கணினியை முடுக்கியதும் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கடையில் பில் அடிக்கும் பழைய மென்பொருளுக்கு விண்டோஸ், வங்கி வேலைக்கும் இணையத்துக்கும் லினக்ஸ் என்று பிரித்துக்கொள்வது சௌகரியமே. ஒரு வீட்டுக்கு இரு வாசல் வைத்தது போல என்று கொள்ளுங்கள். ஆனால் பேரேட்டை எங்கே வைப்பது?

இரு பக்கமும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொண்டு, தம்ப் டிரைவ் மூலம் அங்கும் இங்கும் மாற்றிக்கொள்ளலாம் என்று சிலர் எண்ணுவர். இதில்தான் ஆபத்து இருக்கிறது. உதாரணமாக, ஒரு துணி வியாபாரி திங்கட்கிழமை லினக்ஸில், வாடிக்கையாளர் ஒருவர் தம் பாக்கி 1,200 வெள்ளியைச் செலுத்தியதைப் பதிகிறார். செவ்வாயன்று பிரதியை மாற்ற மறந்து, விண்டோஸிலுள்ள பழைய பேரேட்டைத் திறந்து, 800 வெள்ளிக்குச் சரக்கு வாங்கியதைப் பதிகிறார். புதனன்று, விண்டோஸ் பிரதியே புதியது என்று கருதி, அதை லினக்ஸ் பிரதியின் மேல் எழுதிவிடுகிறார். திங்கட்கிழமை வரவு அடியோடு மறைந்துபோகிறது.

பற்றும் வரவும் சமமாக நின்றால் கணக்கு சரி என்று நாம் நம்புகிறோம் அல்லவா? இங்கே அந்தச் சோதனை உதவாது. ஒரு பதிவின் பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் சேர்ந்தே காணாமற்போனால், மீதியுள்ளவை இன்னும் சமமாகவே நிற்கும். வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் கண்டுபிடிப்பார். ஒப்பிடாதவரோ, பணத்தைக் கொடுத்து முடித்த மனிதரிடமே மறுபடியும் போய் 1,200 வெள்ளி கேட்பார். அங்கே போவது பணமன்று. பல்லாண்டு சேர்த்த நல்ல பெயர்.

ஆகவே நாம் சொல்ல விரும்பும் விதி ஒன்றே: வாசல் இரண்டு இருக்கலாம், பேரேடு ஒன்றுதான் இருக்க வேண்டும். அதற்கான வழிகளை வரிசையாகக் கூறுவோம்.

முதலாவது, மென்பொருள். அது இரு பக்கமும் ஓட வேண்டும். மைக்ரோசாஃப்ட் மணி என்பது விண்டோஸுக்கென்றே அமைந்தது. அதன் விற்பனையும் 2009-இல் நின்றுபோயிற்று. க்னூகேஷ் என்னும் இலவச மென்பொருள் விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். இரட்டைப் பதிவு முறையில் அமைந்தது. வெள்ளி, ரிங்கிட், ரூபாய் என்று பல நாணயங்களிலும் கணக்கு வைக்கலாம். கணக்கு முழுவதையும் ஒரே கோப்பில் வைப்பதால் நம் நோக்கத்துக்கு ஏற்றது.

இரண்டாவது, இடம். லினக்ஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 வட்டு அமைப்பை விண்டோஸ் தானாகப் படிக்காது. லினக்ஸோ, விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். அமைப்பைப் படிக்கவும் அதில் எழுதவும் வல்லது. எனவே வட்டில் மூன்றாவதாக ஒரு சிறு பிரிவை என்.டி.எஃப்.எஸ். அமைப்பில் ஒதுக்கி, பேரேட்டை அங்கே வையுங்கள். இரு பக்கத்திலிருந்தும் அந்த ஒரே கோப்பைத்தான் திறக்க வேண்டும். மற்றப் பிரதிகளைக் கண்ணில் படாதபடி அகற்றிவிடுங்கள். வட்டைப் பிரிக்கும் முன், உள்ளவை அனைத்தையும் வெளியே பிரதி எடுத்துக்கொள்வது அவசியம்.

மூன்றாவது, ஒரு வாசலை நன்றாகச் சாத்திவிட்டே மறு வாசலால் நுழைதல். 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒரு வசதி உண்டு. அது கணினியை முழுதும் அணைக்காமல் அரைத் தூக்கத்தில் விடுகிறது. அந்நிலையில் லினக்ஸைத் தொடங்கினால், பொதுப் பிரிவு படிக்க மட்டுமே திறக்கும், அல்லது திறக்கவே மறுக்கும். வற்புறுத்தி எழுதினால் கோப்பு சிதையக்கூடும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று அந்த வசதியை நிறுத்திவிடுங்கள். க்னூகேஷ் தான் திறந்த கோப்பின் பக்கத்திலேயே ஒரு பூட்டுக் கோப்பையும் வைக்கும். கோப்பு ஏற்கெனவே திறந்திருப்பதாக எச்சரிக்கை வந்தால், மீறித் திறக்க அவசரப்படாமல், மறு பக்கம் சென்று முறையாக மூடிவிட்டு வாருங்கள்.

நான்காவது, பதிப்பு. புதிய பதிப்பில் எழுதியதைப் பழைய பதிப்பு திறக்க மறுப்பதுண்டு. ஆகவே இரு பக்கமும் ஒரே எண்ணுள்ள பதிப்பை நிறுவுங்கள். சேமித்து வைத்த அறிக்கை வடிவங்களும் விருப்ப அமைப்புகளும் பேரேட்டுக் கோப்பில் இல்லை. அந்தந்தப் பக்கத்திலேயே தங்கும். ஒரு பக்கத்தில் செய்த அறிக்கை மறு பக்கத்தில் காணவில்லையே என்று கலங்க வேண்டாம். கணக்கு அப்படியேதான் இருக்கும்.

ஐந்தாவது, கடிகாரம். கணினிக்குள் உள்ள கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகக் கொள்கிறது. லினக்ஸ் வழக்கமாக அதை உலகப் பொது நேரமாகக் கொண்டு, சிங்கப்பூருக்குரிய 8 மணி நேரத்தைக் கூட்டிக் காட்டுகிறது. விண்டோஸில் மாலை 6 மணி என்று இருந்தது, லினக்ஸில் மறுநாள் அதிகாலை 2 மணியாகத் தோன்றலாம். மார்ச் 31 மாலை நடந்த விற்பனை ஏப்ரல் 1 என்று பதிவாகிவிட்டால், பொருள் சேவை வரிக் கணக்கில் அடுத்த காலாண்டுக்குப் போய்விடும். இணையம் இருந்தால் நேரம் பெரும்பாலும் தானே திருந்தும். ஆனாலும் லினக்ஸையும் உள்ளூர் நேரத்தையே கொள்ளும்படி அமைத்துத் தரச் சொல்லுங்கள். பதியும் முன் தேதியை ஒரு முறை பார்ப்பது நல்ல பழக்கம்.

ஆறாவது, காப்புப் பிரதி. பொதுப் பிரிவும் அதே வட்டில்தான் இருக்கிறது. வட்டு கெட்டால் இரு வாசலும் சேர்ந்தே அடைபடும். வியாபாரப் பதிவேடுகளைக் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது சிங்கப்பூர் உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் விதி. எனவே வாரம் ஒரு முறை கோப்பைத் தேதியிட்டு வெளி வட்டில் பிரதி எடுத்து, கடையில் அல்லாமல் வீட்டில் வையுங்கள். அது காப்புக்கு மட்டுமே. அதைத் திறந்து எழுதலாகாது.

கடைசியாக, செலவில்லாத ஒரு யோசனை. கணக்கை மூடும் ஒவ்வோர் இரவும், கல்லாவில் உள்ள ரொக்க இருப்பையும், கடைசியாகப் பதிந்தது இன்னது என்பதையும் ஒரு சிறு காகிதக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். மறுநாள் எந்த வாசலால் நுழைந்தாலும், திரையில் உள்ளது அந்தக் குறிப்போடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே புதுப் பதிவைத் தொடங்குங்கள். பொருந்தாவிட்டால் அன்றே தேடிப் பிடித்துவிடலாம். ஒரு நாள் தவறைத் திருத்த ஒரு நாழிகை போதும். ஓராண்டுத் தவறைத் திருத்த, யாரிடம் வாங்கினோம், யாருக்குக் கொடுத்தோம் என்று ஊரெல்லாம் கேட்டுத் திரிய நேரிடும்.