நாளொரு மாத்திரை

நுழையும்முன்

நோயைக் கண்டறிவதும் மருந்தைக் கண்டுபிடிப்பதும் அறிவியலின் வெற்றிகள். அம்மருந்தை உரிய நாளில், உரிய அளவில், தவறாமல் உட்கொள்வது நோயுற்றவரின் அன்றாடக் கடமை. நெடுநாள் மருந்துண்ணும் இளையோருக்குக் கைப்பேசி எந்த அளவில் துணைநிற்க முடியும் என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

வீட்டில் தொடரும் மருத்துவம்

மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர், மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் உள்ளது. அவ்வூரில் இரத்தப் புற்றுநோய்க்கு ஆளான ஒரு பள்ளி மாணவர் இருப்பதாகக் கொள்வோம். தொடக்கநிலைச் சிகிச்சைக்காக அவர் நகரத்து மருத்துவமனையில் தங்கியிருப்பார். நோய் அடங்கியபின் வீடு திரும்புவார், பள்ளிக்கும் செல்வார். ஆனால், சிகிச்சை அத்துடன் முடிவதில்லை. சிறாரிடம் மிகுதியாகக் காணப்படும் இரத்தப் புற்றுநோய் வகைக்கு இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை மருத்துவம் தேவைப்படுகிறது. அதன் பெரும்பகுதி வீட்டில்தான் நிகழ்கிறது. மெர்காப்டோபியூரின் மாத்திரையை நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரம் ஒருமுறை மட்டுமே உட்கொள்ள வேண்டும். அதனைத் தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஊறு நேரலாம்.

நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து

ஒருநாள் மருந்தை மறந்தால் என்ன நேர்ந்துவிடும் என்று தோன்றலாம். அமெரிக்காவில் சுமிதா பாட்டியா தலைமையிலான குழுவினர் இதனை ஆராய்ந்தனர். மருந்துப் புட்டி திறக்கப்படும் நேரத்தைப் பதிவுசெய்யும் மின்னணு மூடியைப் பயன்படுத்தி, 742 சிறாரின் மருந்துண்ணும் பழக்கத்தைக் கண்காணித்தனர். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து விழுக்காட்டிற்கும் குறைவாக மருந்துண்டவர்களுக்கு நோய் மீண்டும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 2.7 மடங்கு மிகுந்திருந்ததை 2015இல் வெளியிட்டனர்.

முப்பது நாளில் இரண்டு நாள் தவறினாலே அளவு 93 விழுக்காடாகிவிடும். தேர்வில் 93 மதிப்பெண் பெற்றால் மகிழ்கிறோம். இங்கோ அது போதாத மதிப்பெண்ணாகும்.

தவறுவதற்கு மறதி மட்டுமே காரணமன்று. உடல் தேறியதும் மருந்து தேவையற்றதாகத் தோன்றுகிறது. குமட்டலும் சோர்வும் சலிப்பைத் தருகின்றன. நண்பர்கள் அறிந்துவிடுவார்களோ என்ற கூச்சமும் தடுக்கிறது. சிறு வயதில் தாய் கையில் கொடுத்த மாத்திரையை வளர்ந்தபின் தாமே எடுத்துக்கொள்ளும் பொறுப்பு வரும்போது, பெற்றோர் பார்வையும் பிள்ளையின் பழக்கமும் இடையில் நழுவுகின்றன.

சென்னை காட்டிய வழி

இச்சிக்கலைத் தமிழகம் காசநோய் மருத்துவத்தில் முன்பே கண்டது. 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. மருத்துவ இல்லத்தில் தங்கியவர்களையும் வீட்டிலிருந்தே மருந்துண்டவர்களையும் அம்மையத்தினர் ஒப்பிட்டனர். வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே பயனைத் தந்ததை 1959இல் அறிவித்தனர். மருந்து உட்கொள்ளப்பட்டதா என்பதை அறிய, முன்னறிவிப்பின்றி வீடு சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரையும் சோதித்தனர். மருந்தைக் கொடுத்தால் மட்டும் போதாது, உட்கொள்ளும்வரை உடனிருக்க வேண்டும் என்னும் கருத்து இத்தகைய ஆய்வுகளால் வலுப்பெற்றது.

கைப்பேசியின் துணை

அன்று வீடு தேடிச் சென்ற பணியாளரின் வேலையில் ஒரு பகுதியை இன்று கைப்பேசி ஏற்கிறது. பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் உருவான '99டாட்ஸ்' முறையில், காசநோய் மாத்திரை அட்டையைப் பிரித்ததும் மறைந்திருக்கும் எண் தெரியும். அவ்வெண்ணிற்குக் கட்டணமின்றி அழைத்தால் மருந்துண்டதாகப் பதிவாகும். இதற்குத் திறன்பேசி தேவையில்லை. எளிய கைப்பேசியே போதும். எனினும், அழைப்புப் பதிவையும் சிறுநீர்ச் சோதனையையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் இரண்டும் எப்போதும் ஒத்துப்போகவில்லை. மருந்துண்டும் அழைக்காதவர் உண்டு. அழைத்தும் உண்ணாதவர் உண்டு.

புற்றுநோயுற்ற இளையோரிடமும் இத்தகைய முயற்சிகள் நடந்துள்ளன. 'ரீ-மிஷன்' என்னும் கணினி விளையாட்டில், உடலுக்குள் நுழையும் நுண்ணிய இயந்திர வீராங்கனை புற்றுநோய்ச் செல்களை அழிப்பாள். 13 முதல் 29 வயது வரையிலான 375 பேரிடம் நிகழ்த்தி 2008இல் வெளியிடப்பட்ட ஆய்வில், இவ்விளையாட்டை ஆடியவர்கள் மருந்தை மேலும் ஒழுங்காக உட்கொண்டது தெரியவந்தது. பாட்டியா குழுவினர் குறுஞ்செய்தி நினைவூட்டலுடன் விளக்கக் கல்வியையும் பெற்றோர் மேற்பார்வையையும் இணைத்து ஆராய்ந்தனர். 2020இல் வெளிவந்த அம்முடிவில், அனைத்து வயதினரையும் சேர்த்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால், பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் உடையவர்களிடம் பயன் காணப்பட்டது.

உழைச்செல்வான்

திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தின் நிறைவுக் குறளில், நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என நால்வகையாக மருத்துவத்தைப் பகுக்கிறார். உடனிருந்து பேணுபவரை 'உழைச்செல்வான்' என்கிறார். கைப்பேசி மணியடித்து நேரத்தை உணர்த்தும். தவறிய நாளைக் கணக்கிடும். தொலைவிலுள்ள செவிலியருக்குச் செய்தி அனுப்பும். ஆயினும், "ஏன் இன்று உண்ணவில்லை?" என்று கடிந்துகொள்ளாமல் கேட்கவும், விடையைப் பொறுமையுடன் செவிமடுக்கவும் மனிதரே வேண்டும். கருவி உழைச்செல்வானுக்குத் துணையாகலாம். அவராகவே ஆகிவிட முடியாது. வகுப்பறையில் அருகில் அமர்ந்திருக்கும் நண்பரும் உழைச்செல்வானே. நோயுற்ற தோழர் கூச்சமின்றி மாத்திரை உண்ணும் சூழலை அமைப்பது அவர் ஆற்றக்கூடிய மருத்துவம்.

தெரியுமா?

மெர்காப்டோபியூரின் மருந்தை உருவாக்கியவர்களுள் ஒருவர் கெர்ட்ரூட் எலியன். பதினைந்து வயதில் தம் தாத்தாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்ததே அவரை வேதியியல் துறைக்கு ஈர்த்தது. 1988இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கற்பவை கற்றபின்

1. நெடுநாள் மருந்துண்ணும் முதியவர் ஒருவருக்காக ஒரு மாத நினைவூட்டல் அட்டவணை உருவாக்குக.
2. 'கைப்பேசி கண்காணிப்பாளரா, துணைவரா?' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.
3. நோயிலிருந்து மீண்டு பள்ளிக்குத் திரும்பும் நண்பருக்கு ஊக்கமளித்துக் கடிதம் எழுதுக.